செவலையின் வயிற்றில் சென்னியப்பன்

“துடிப்பு இல்லைங்க டாக்டரம்மா, அது எங்க ஊட்டுக்காரரு காலாட்டறதுங்க” என்று தெய்வானை சொன்னபோது, டாக்டர் ஹெப்சிபாவின் வலது கை தோள்பட்டை வரை செவலைப் பசுவின் பின்புறத்துக்குள் இருந்தது, அதனால் அவளால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. முக்காலியின் மேல் இருந்த ஸ்கேன் பெட்டியின் திரையில், வெயில் படாமல் தெய்வானை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்த போர்வையின் நிழலில், கட்டைவிரல் அளவில் ஒரு ஆள் கர்ப்பப்பையின் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலை இடது கால்மேல் போட்டு, மேலே கிடந்த காலை ஆட்டிக்கொண்டிருந்தான். தலையில் துண்டு போட்டிருந்தான்.

“என்னம்மா சொல்லுதீங்க” என்றாள் டாக்டர். “நான் சினைன்னுல்லா நெனச்சேன்.”

“சினை எங்கீங்க நிக்குது. கல்யாணமான மறாநாள்ல இருந்து இந்தக் காலாட்டத்தப் பாத்தவ நானு. கட்டிலு ஆடும், கட்டிலோட சேந்து சுவத்துல மாட்டியிருந்த கண்ணாடி ஆடும்.”

டாக்டர் கையை உள்ளே கொஞ்சம் திருப்பினாள். திரையில் ஆள் பக்கவாட்டில் தெரிந்தான், மூக்கு நன்றாக விழுந்தது. “தலையில எதுக்குத் துண்டு போட்டிருக்காரு?”

“பனி விழுதில்லைங்க” என்றாள் தெய்வானை.

பனிதான் விழுந்துகொண்டிருந்தது. கர்ப்பப்பையில் சீழ் கோத்திருந்தால் திரையின் கறுப்புக்குள் வெள்ளைப் பொடி மிதந்து மிதந்து இறங்கும், பார்க்கிறவர்களுக்கு மார்கழி விடியற்காலைபோல இருக்கும் என்று டாக்டர் முந்தைய வாரமே சொல்லியிருந்தாள். இப்போது அவள் பட ஓட்டத்தை நிறுத்தி, சீழின் அளவை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் சென்னியப்பனின் குறுக்களவையும் மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டாள். படித்த படிப்பு அப்படி.

சினை நிற்காத மாடுகளின் கர்ப்பப்பைக்குள் என்னதான் நடக்கிறது என்று ஸ்கேன் வைத்துப் பார்க்கிற ஆராய்ச்சிக்காக அவள் புதன்கிழமைதோறும் கூனம்பாளையத்துக்கு ஜீப்பில் வந்துகொண்டிருந்தாள். ஊரில் புழு வைத்த கர்ப்பப்பை, சீழ் வைத்த கர்ப்பப்பை என்று பெயர் வாங்கிய மாடுகளையெல்லாம் இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றுக்கு ஊசி மருந்து கொடுப்பது, மறு கூற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருக்கவிட்டுப் பார்ப்பது என்று திட்டம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் செவலை சும்மா இருக்கிற கூற்றில் விழுந்திருந்தது. சென்னியப்பன் தேடிப்பிடித்து அந்தக் கூற்றில் வந்து சேர்ந்ததில் தெய்வானைக்கு வியப்பு ஒன்றும் இல்லை.

அவன் போன விதமும் அப்படித்தான். பால் ஊற்றப் போனவன், சொசைட்டி வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, வரிசையில் முன்னால் நின்றவரிடம் “இதச் சித்தப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, அந்நேரம் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டான். முன்னால் நின்றவர் யோக்கியமானவர், பால் திரிந்துபோகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் எத்தனையோ பஸ் வந்து போய்விட்டது. தெய்வானை தேடினாள், பிறகு தேடுகிறவர்களுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள், பிறகு ஒரு கன்றுக்குட்டி வாங்கி வளர்த்தாள். கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டை அவளிடம் நீட்டுவதா தாண்டிப் போவதா என்று தட்டு வைத்திருக்கிற கை ஒரு கணம் காற்றில் நிற்கும், அவள் அந்தக் கணத்தில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வாள். மாடுகளுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது, அவளைக் கண்டால் கத்தின. இப்போது கட்டுத்தரையில் பால் கறக்கிறது செவலை ஒன்றுதான். போன ஈற்றில் நஞ்சுக்கொடி முழுதாக விழாமல் போனதிலிருந்து எத்தனை முறை சினை ஊசி போட்டும் அது நிற்கவில்லை, இப்படியே விட்டால் சந்தைக்குத்தான் ஓட்டவேண்டும், சினை நிற்காத மாடு சந்தையிலிருந்து எங்கே ஏற்றப்படும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த புதன்கிழமை சென்னியப்பனின் அக்கா பூவாத்தா தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கட்டுத்தரையில் திரைக்கு நேர் எதிரே மணைபோட்டு உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“என்ற தம்பியேதான். எப்படி எளைச்சுட்டான் பாரு நங்கை.”

“கட்டவெரல் தண்டி இருக்கறவரு எளைச்சதும் கொழுத்ததும் எப்படித் தெரியுதுங்க நங்கை?” என்றாள் தெய்வானை. நாத்தனாரும் அவளும் ஒருவரையொருவர் நங்கை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், சண்டை போடும்போதும்.

“கூடப் பொறந்தவளுக்குத் தெரியும்.”

எப்படி உள்ளே போனான் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர், வெளியூர்ச் சம்பந்தி, கேட்டார். பால் சொசைட்டித் தலைவர் குழந்தைசாமி அவரைத் தோளில் தட்டி உட்காரவைத்து, “எங்க சூடா இருக்குதோ, எங்க ஆரும் வேல சொல்ல மாட்டாங்களோ, அங்க போய்ச் சேர்றவன் அவன், அவன் சரியாத்தான் போயிருக்கறான், நாமதான் திருப்பூரு கோயமுத்தூருன்னு தப்பான பக்கமாத் தேடிட்டு இருந்திருக்கறோம்” என்றார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

அதன் பிறகு புதன்கிழமைகளில் கட்டுத்தரைக்கு முன்னால் சொசைட்டி பெஞ்சுகள் வந்தன, பெஞ்சுக்குப் பின்னால் டீக் கேன் வந்தது, டீக் கேனுக்குப் பின்னால் போண்டா வந்தது, போர்வையைப் பிடிக்க நான் நீ என்று ஆட்கள் வந்தார்கள், கடைசியில் போர்வைக்குப் பதிலாகக் கோயிலிலிருந்து சாமி ஊர்வலக் குடையையே கொண்டுவந்து திரைக்குப் பிடித்தார்கள். டாக்டர் கையுறையை மாட்டிச் சாணத்தை வழித்து வெளியே போட்டுக் கையை உள்ளே விட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், சென்னியப்பன் திரையில் தெரிந்ததும் ஒரு பெருமூச்சு எழும், யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், கால் ஆடினால் சரி என்றும் ஆடாவிட்டால் வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டார்கள். மேட்டுத் தோட்டத்துப் பெண்ணைப் பள்ளத்துத் தோட்டத்துப் பையனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள், கால் ஆடியது. கொடுக்காமல் இருக்கலாமா என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டார், கால் ஆடியது. கோயில் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ராவா, கும்மியா என்று கேட்டார்கள், இரண்டுக்கும் ஆடியது. ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லாத மனுசன், அன்றைக்கும் அப்படித்தான் இருந்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டது, ஊரில் அவனைப் பற்றி அதுவரை யாரும் சொல்லியிராத நல்ல வார்த்தைகளெல்லாம் அந்தப் பெஞ்சுகளில் கிடைத்தன.

தெய்வானைக்குத் தாம்பூலத் தட்டு தயங்காமல் வந்தது. பூ வந்தது. சீர்ப் பந்தலில் முன்வரிசையில் கூப்பிட்டு நிறுத்தினார்கள், இத்தனை வருசமாக அவளைப் பின்னால் நிற்கச் சொன்ன அதே பெண்கள் நிறுத்தினார்கள், அவளும் நின்றாள், நிற்கும்போது செவலைக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

செவலை முதுகைக் கூனி நின்றது. பருவத்துக்கு வந்து கண்ணாடிபோல வடியவேண்டிய நேரத்தில் தயிர்த் தெளிவுபோல வடிந்தது, வாலெல்லாம் காய்ந்து ஒட்டி நாறியது. பால் பாதியாகி, பாதியில் பாதியானது. டாக்டர் வருகிற ஒவ்வொரு வாரமும் திரையில் பனி அடர்ந்துகொண்டே போயிற்று, சென்னியப்பன் துண்டை இழுத்து இன்னும் நன்றாகப் போர்த்திக்கொண்டான். ஊர் அதற்கும் பரிகாரம் கண்டது, உள்ளே குளிருகிறது, சூடாக ஏதாவது போய்ச் சேரட்டும் என்று ஆளுக்கு ஒரு குண்டா அரிசிம்பருப்புச் சோற்றை நெய்விட்டுப் பிசைந்து கொண்டுவந்து செவலைக்கு ஊட்டினார்கள், சென்னியப்பனுக்கு அரிசிம்பருப்புச் சோறு என்றால் உயிர்.

“மாட்டுக்குச் சோறு போட்டா வயித்துல புளிச்சுப் போயிருமுங்க, போடாதீங்க” என்று தெய்வானை வாசலுக்கும் கட்டுத்தரைக்குமாக ஓடினாள்.

“மாட்டுக்கு ஆரு போட்டது?” என்றார்கள்.

அந்தப் புதன்கிழமை அவள் டாக்டரை ஜீப்வரை கூட்டிப்போய்க் கேட்டாள். “அந்த ஊசியப் போட்டுருங்க டாக்டரம்மா.”

டாக்டர் முழங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவ ஒன்றும் மிச்சமில்லாதபோதும் கழுவினாள். “போட்டா கர்ப்பப்பை வாய் திறந்து, சுருங்கி, உள்ள இருக்க எல்லாத்தையும் வெளிய தள்ளிரும்மா. எல்லாத்தையும். அதுவும் போக, செவலை சும்மா விட்டுப் பாக்குத கூறு. அதுல மருந்து குடுத்துட்டேன்னா ஆராய்ச்சியில ஒரு மாடு குறையும். என் பேராசிரியர் படத்தையெல்லாம் பாத்துட்டு, இவ்வளவு தெளிவான சீழ் நான் பாத்ததே இல்லன்னு சொல்லுதாரு.”

“அவரப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?”

“அது ஸ்கேன் கோளாறா இருக்கும்னு சொன்னாரு.”

“அது சரிதானுங்க” என்றாள் தெய்வானை. “ஆனா எனக்கு மாடு வேணுமுங்க.”

இந்தப் பேச்சு ஜீப்பின் மறுபக்கம் நின்ற காதுகளில் விழுந்து, அன்று சாயங்காலமே சொசைட்டி முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. கட்டின புருசனை ஊசி போட்டுத் தள்ளுகிற பொம்பளையை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கேள்விப்பட்டது உண்டா என்று பூவாத்தா கேட்டாள். கேள்விப்பட்டதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குழந்தைசாமி நடுவில் நின்று, “தெய்வானை, மாடு போனா இன்னொரு மாடு, புருசன் போனா?” என்றார்.

“அவரு போயித்தான் இருந்தாருங்க மாமா. நானு இருந்தனே.”

“இப்ப வந்துட்டானல்ல.”

“அப்படீன்னா ஒண்ணு பண்ணுங்க” என்றாள் தெய்வானை. “செவலைய ஆராச்சும் உங்க கட்டுத்தரைக்கு ஓட்டிட்டுப் போங்க. அவருக்கு வேண்டிய அரிசிம்பருப்பு நீங்களே போட்டுக்குங்க, சாணியும் நீங்களே அள்ளிக்குங்க. பூவாத்தா நங்கைதான் கூடப் பொறந்தவ, அவங்களே ஓட்டிட்டுப் போனாலும் சரி.”

கூட்டம் காதைச் சொறிந்தது. ஒருவர் டீ சொன்னார். கடைசியில் பூவாத்தா, “ஆம்பள பொண்டாட்டி ஊட்ல இருக்கறதுதானுங்க மொறை” என்றாள், அதோடு கூட்டம் கலைந்தது, ஊசி கூடாது என்று முடிவாகியிருந்தது, முடிவை யாரும் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை திரை வெளிச்சமானதும் தெய்வானை குடை பிடித்தவரை விலகச் சொல்லிவிட்டு முன்னால் வந்து நின்றாள். அதுவரை அவள் அவனிடம் எதுவும் கேட்டதில்லை.

“ஏனுங்க” என்றாள் அவள். “தெக்கால காட்டுல சோளத்தட்டு நிக்குது. அறுத்துக் கட்டி எடுத்துட்டு வரணும். வர்றீங்களா?”

கால் நின்றது. அந்தத் திரையில் அது நின்று யாரும் பார்த்ததில்லை. சென்னியப்பன் துண்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“பாவம், மனசு நொந்துட்டான்” என்றாள் பூவாத்தா.

அவன் மனசு நோகாமலிருக்க அந்த வாரம் சோறு இரட்டிப்பாக வந்தது. தெய்வானை சோளத்தட்டு அறுக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு அண்டாச் சோறே இறங்கியது. அவள் தட்டுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கும்போது செவலை படுத்துக்கிடந்தது, இடது வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. அவள் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள், மாடு தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டது, எழுந்திருக்கவில்லை.

டாக்டர் புதன்கிழமைக்குக் காத்திராமல் வந்தாள். சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, ரத்தக்குழாயில் பாட்டில் மாட்டி, கண்ணிமையை விரித்துப் பார்த்து, கையுறையை மாட்டிக் கையை விட்டாள். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஆள் இருக்கிறானா என்றே தெரியவில்லை, பிறகு ஒரு மூலையில் கால் மட்டும் தெரிந்தது, ஆடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது.

“இன்னைக்கு ஊசி போடலேன்னா இது சந்தைக்குக்கூடப் போகாது” என்றாள் டாக்டர், யாரிடம் என்று இல்லாமல். பிறகு ஆராய்ச்சியை நினைத்தாளோ பேராசிரியரை நினைத்தாளோ, கொஞ்ச நேரம் மாட்டின் முதுகில் கையை வைத்தபடி நின்றாள். “மாடு யாரோடது?”

“என்னோடதுங்க” என்றாள் தெய்வானை.

“உள்ள இருக்கறவன் என்ற தம்பி” என்றாள் பூவாத்தா.

“மாட்டுக்குத்தாம்மா எங்கிட்ட மருந்து இருக்கு” என்று டாக்டர் அவளிடம் சொன்னாள், வருத்தத்தோடுதான் சொன்னாள். “உங்க தம்பிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லியே.” சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டாள்.

போட்ட பிறகு அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. வருகிறவனை வரவேற்கவேண்டும் அல்லவா, பூவாத்தா புது வேட்டியும் துண்டும் வாங்கிவந்தாள், எந்த அளவில் வருவான் என்று தெரியாததால் பொம்மைக்கு உடுத்துகிற அளவில் இன்னொரு வேட்டியும் கிழித்துவைத்தாள். பெண்கள் ஆரத்தி கரைத்தார்கள், ஆரத்தி உலர்ந்து மறுபடி கரைத்தார்கள், இரண்டாம் நாள் வெயில் ஏறியபோது செவலை வாலைத் தூக்கியது. சீழ் வந்தது. வெள்ளையாக, மஞ்சளாக, கட்டிகட்டியாக, தண்ணீராக, வாளி வாளியாக வந்தது, நாற்றத்தில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் தெருவரை பின்வாங்கினார்கள். பூவாத்தா மட்டும் மூக்கைக் கட்டிக்கொண்டு குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். கொஞ்சம் நஞ்சுத் துண்டு அழுகிக் கறுத்து வந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இதைப் புதைப்பதா, மாட்டின் நஞ்சுக்கொடியைக் கட்டுவதுபோல ஆலமரத்தில் கட்டுவதா என்று பேச்சு வந்தது. புதைத்தால் தெய்வானையைக் கல்யாணப் பந்தலில் இனி எங்கே நிறுத்துவது என்ற கேள்வி பின்னாலேயே வரும் என்பதால், வைக்கோலில் பொதிந்து ஆலமரத்திலேயே கட்டினார்கள், உயரத்தில், புது வேட்டியைச் சுற்றி.

செவலை எழுந்து நின்றது. முதலில் தண்ணீர் குடித்தது, பிறகு சோளத்தட்டுக் கடித்தது, பிறகு அவள் வருவதைப் பார்த்துக் கத்தியது. அடுத்த ஸ்கேனில் திரை கறுப்பாக, கழுவிவிட்ட முற்றம்போலச் சுத்தமாக இருந்தது. டாக்டர் எல்லா மூலைக்கும் கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். பனியும் இல்லை, சென்னியப்பனும் இல்லை. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்துவிட்டு, இன்னொரு முறை காட்டச் சொல்லிவிட்டு, போண்டாவை முடித்துக்கொண்டு போனார்கள். பூவாத்தா தெய்வானையிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். இன்னும் கொஞ்சநாள் போய்ச் செவலைக்குப் பருவம் வந்தபோது கண்ணாடிபோல வடிந்தது, தெய்வானை விரலில் தொட்டு வெயிலில் பார்த்தாள், நூல் நூலாக இழுத்தது, சினை ஊசிக்காரருக்குப் போன் போட்டாள்.

சென்னியப்பன் கிடைத்துவிட்டான் என்ற செய்தி அதற்குப் பிந்திய புதன்கிழமை வந்தது. தலைவர் குழந்தைசாமியின் கறுப்பு வெள்ளை மாட்டில் இருந்தான். ஊரிலேயே பெரிய மாடு, மின்விசிறி போட்ட கட்டுத்தரை, கீழே ரப்பர் பாய். போன மாதம்தான் கன்று போட்டு நஞ்சு தங்கியிருந்தது, நான்கு நாளாகச் பின்பக்கம் வாடை வருகிறதே என்று தலைவரே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார், கையை விட்டதும் திரையில் பனி, பனியில் அவன், கால்மேல் கால்.

பெஞ்சுகள் அங்கே போயின. டீக் கேன் போனது, சாமிக் குடை போனது, பூவாத்தா தாராபுரத்திலிருந்து திரும்ப வந்தாள், ஆலமரத்து வேட்டி அவசரப்பட்டுக் கட்டியது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். குழந்தைசாமி டாக்டரைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஊசிய இன்னைக்கே போட்ருங்கோ டாக்டரம்மா. கெடக்கற மாட்டுல இதுதான் பெருங்கறவை.”

“அதெப்படி மாமா போடறது” என்று பெஞ்சிலிருந்து யாரோ சத்தமாகக் கேட்டார்கள். “புருசனா இருந்தாத்தான் பாக்கோணுமா? ஊர்க்காரனுக்கு ஒரு மதிப்பு இல்லையா?”

“கூட்டம் போட்டுப் பேசிக்கலாமுங்க” என்றார் இன்னொருவர்.

பெஞ்சுகளில் ஏற்கெனவே அடுத்த கேள்வி தயாராக இருந்தது, சொசைட்டித் தேர்தலில் தலைவராக மறுபடி குழந்தைசாமியையே நிறுத்தலாமா என்பது. திரையில் கால் ஆடியது. வேறு ஆளை நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கால் ஆடியது.

தெய்வானை சாயங்காலப் பாலை ஊற்றிவிட்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தாள்.

“வா நங்கை, வா, வந்து பாரு” என்று பூவாத்தா கூட்டத்தை விலக்கி இடம் பண்ணிக் கூப்பிட்டாள், பழசெல்லாம் மறந்துபோன குரலில். “நல்லாத்தான் இருக்கறான். சதை போட்டிருக்கறான்.”

தெய்வானை காலிக் கேனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எல்லோரும் குடைக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெருக்கித் தள்ளிய கூட்டத்தில் மிரண்டு சுற்றிய கறுப்பு வெள்ளை மாட்டின் முன்னங்காலில் அதன் கயிறே இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. மாடு அந்தக் காலைத் தரையில் வைக்க முடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் குனிந்து, குளம்பை உள்ளங்கையில் வாங்கி, கயிற்றை ஒரு சுற்று தளர்த்தி, இன்னொரு சுற்றையும் எடுத்துவிட்டு, காலைத் தரையில் வைத்தாள். பிறகு கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.